நான்கு பிரிவுச் சட்டமும் கழுத்தில் தொங்கிய தகர வில்லையும்

1897 பிப்ரவரி 4 அன்று நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் இன்றும் நம் தலைக்கு மேல் நிற்கிறது. தொற்றுநோய்கள் சட்டம். இயற்றப்பட்டபோது அதில் நான்கே பிரிவுகள். முதல் பிரிவு பெயர். இரண்டாவது பிரிவு, நோய் பரவுகிறது என்று அரசு கருதினால் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறது. மூன்றாவது, மீறினால் தண்டனை. நான்காவது, இந்தச் சட்டத்தின் பேரில் நல்லெண்ணத்தோடு எதைச் செய்திருந்தாலும் அதிகாரி மீது வழக்குப் போட முடியாது.

சட்டக் கல்லூரியில் படிக்கும் தோழர்கள் ஒருமுறை அதை எடுத்துப் படியுங்கள். பத்து நிமிடம் கூட ஆகாது. படித்த பிறகு, அதில் இல்லாதவற்றைத் தேடுங்கள். எது தொற்றுநோய் என்ற வரையறை இல்லை. எத்தனை நாள் என்ற கெடு இல்லை. அடைத்து வைக்கப்பட்டவருக்குச் சோறு யார் போடுவது என்று இல்லை. மருத்துவமனை என்ற கடமை இல்லை. எரிக்கப்பட்ட பொருளுக்கு இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. அரசு எதைச் செய்யலாம் என்பது மட்டும் இருக்கிறது. எதைச் செய்தே ஆக வேண்டும் என்பது ஒரு வரி கூட இல்லை.

"கொள்ளைநோய்க் காலத்தில் அரசின் எல்லை எது?" என்ற கேள்வி 2020க்குப் பிறகு கட்டுரைப் போட்டித் தலைப்பாகிவிட்டது. ஒரு பக்கம், அரசே எல்லாவற்றையும் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறார்கள். மறுபக்கம், அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், மக்கள் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். இரண்டு பேரும் 'மக்கள்' என்று சொல்லும்போது அதில் சேரி இருக்கிறதா என்பதுதான் எனக்குப் பட்ட சந்தேகம். அதனால் வரலாற்றுக்குள் போய்ப் பார்ப்போம்.

பம்பாயில் 1896 செப்டம்பரில், மாண்ட்வி என்ற துறைமுகப் பகுதியில் பிளேக் தெரிய வந்தது. அடுத்த மாதமே, நோயாளிகளைக் கட்டாயமாகப் பிடித்துப் போய்த் தனிமைப்படுத்த மாநகராட்சி உத்தரவு போட்டது. ஆனால் உத்தரவை முழு வேகத்தில் நிறைவேற்ற மாநகராட்சி ஆணையர் ஸ்னோ தயங்கினார். காரணம் கருணை அல்ல. மலம் அள்ளும் தொழிலாளர்கள் பயந்து நகரத்தை விட்டு ஓடிவிட்டால் பம்பாய் ஒரு வாரம் கூடத் தாங்காது என்ற அச்சம். அவர்களை அங்கே 'ஹலால்கோர்' என்று அழைத்தார்கள். ஒரு பேரரசின் அதிகாரத்துக்கு நடைமுறையில் எல்லை வகுத்தவர்களில் கழிவை அள்ளியவர்களும் உண்டு. எந்தப் பாடநூலிலும் இதை நான் பார்த்ததில்லை. அரசின் எல்லை என்றாலே ஐரோப்பியத் தத்துவவாதிகளின் பெயர்களைத்தான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள்.

புனேவில் அந்தத் தயக்கம் இல்லை. பிளேக் குழுத் தலைவராக வந்த வால்டர் ராண்ட், வெள்ளைச் சிப்பாய்களை வைத்து வீடு வீடாகச் சோதனை போட்டார். நோயாளி என்று பட்டவரை மருத்துவமனைக்கும், கூட இருந்தவர்களைத் தனி முகாமுக்கும் அனுப்பினார்கள். சாமான்களை எரித்தார்கள். 1897 ஜூன் 22 இரவு ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அவரோடு ஆயெர்ஸ்ட் என்ற அதிகாரியும் செத்தார். பிறகு திலகருக்கு ராஜத்துரோக வழக்கில் 18 மாதச் சிறை. இவ்வளவும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. பூஜையறைக்குள் பூட்ஸ் காலோடு சிப்பாய் நுழைந்தான் என்ற கோபம் தேசிய வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் கேட்காமல் உள்ளே நுழையும் அதிகாரி என்பது மகர் குடியிருப்புக்கு 1897இல் வந்த புதுமை அல்ல.

அதே புனே, அதே 1897. ஹடப்சர் பக்கம் சாவித்திரிபாய் பூலேயின் வளர்ப்பு மகன், மருத்துவர் யஷ்வந்த், பிளேக் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை இடம் நடத்தினார். முண்ட்வா கிராமத்து மகர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் என்று கேள்விப்பட்டு, சாவித்திரிபாய் அவனைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். அவருக்கும் நோய் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். நோயாளியைத் தேடிப் போவது, அவரை வீட்டிலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோவது, மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது என்று ராண்டின் சிப்பாய்கள் செய்த அதே மூன்று காரியங்களைத்தான் அவரும் செய்தார். வெளிப்பார்வைக்கு ஒரே வேலை. ஆனால் ஒன்றைக் கண்டு ஊர் ஓடி ஒளிந்தது. மற்றதன் முடிவில் ஒரு படுக்கையும் ஒரு மருத்துவரும் இருந்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒன்று இருந்தது. நோய் உள்ள பகுதியிலிருந்து ரயிலில் வருகிறவர் அதை வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் 10 நாளைக்கு அதிகாரி முன் தினமும் ஆஜராக வேண்டும். 2020இல் இ-பாஸுக்காகக் கைப்பேசியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புரியும். மதுரையிலிருந்து பக்கத்து மாவட்டத்தில் ஒரு சாவுக்குப் போக விண்ணப்பித்து, சாவு முடிந்து கருமாதியும் முடிந்த பிறகு பதில் வந்த கதைகளை எத்தனை கேட்டிருக்கிறோம்.

ஆனால் நான் அதிகம் சொல்ல நினைப்பது மண்டபம் பற்றி. மதுரையில் ரயில் ஏறி மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டினால் வரும் ஊர். இன்றைக்கும் 'மண்டபம் கேம்ப்' என்றுதான் சொல்கிறோம். கேம்ப் என்றதும் ஈழ அகதிகள் முகாம் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் அதற்கும் முந்தியது.

இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டு போன காலம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து போனவர்களில் பெரும் பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். முதலில் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் தொழிலாளர்களுக்குத் தனிமை முகாம் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முக்கியமானது. இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகும் கூலி, கப்பல் ஏறும் முன் அங்கே சில நாட்கள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். குளிக்க வைப்பார்கள், துணிமணியைக் கிருமிநீக்கம் செய்வார்கள், ஊசி போடுவார்கள். பிறகுதான் கடல்.

பிளேக் கிருமிக்குச் சாதி தெரியாது, டிக்கெட் வகுப்பும் தெரியாது. முகாமுக்குத் தெரிந்தது. மேல்வகுப்புப் பயணிகளை இப்படி அடைத்து வைக்கவில்லை, கண்காணிப்பு என்ற பேரில் போகவிட்டார்கள். அடைத்து வைத்தது கூலியைத்தான். அவர்களை அடையாளம் காண 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறை வந்தது. கழுத்தில் ஒரு சிறு தகர வில்லை. அதில் எந்தத் தோட்டம் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும். பெயர் அல்ல, எண். கங்காணியின் கடன் கணக்கு ஒரு பக்கம், சுகாதார அதிகாரியின் பதிவேடு மறுபக்கம், நடுவில் அந்தத் தகரம். சுகாதார நடவடிக்கை எங்கே முடிகிறது, ஆள் கடத்தும் ஏற்பாடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

முகாமே தேவையில்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதற்கு முந்தைய காலத்தில், மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து போன தொழிலாளர்கள் காலராவிலும் அம்மையிலும் வழியிலேயே செத்தார்கள். அந்தப் பாதையில் அன்று எந்த அரசும் தலையிடவில்லை. அரசு இல்லாத இடத்தில் சுதந்திரம் இருந்ததா? கங்காணியும் நோயும் பிணங்களும்தான் இருந்தன. பிறகு அரசு வந்தபோது, அது தொழிலாளியைக் காப்பாற்றுவதை விடத் தோட்டத்தை நோயிலிருந்து காப்பாற்றவே வந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளாமல் இந்தத் தலைப்பில் பேச முடியாது.

1918 இன்னும் தெளிவான சாட்சி. பிளேக் காலத்துக் கலவரங்களால் சுட்டுக்கொண்ட ஆங்கில அரசு, பலவந்தத்தைப் பெருமளவு கைவிட்டிருந்தது. இன்ஃப்ளூயன்சா வந்தபோது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. சோறும் மருந்தும் கொடுத்தது பெரும்பாலும் தன்னார்வச் சங்கங்கள். மழையும் பொய்த்தது, தானிய விலை ஏறியது. இந்தியாவில் செத்தவர்கள் 1.2 கோடிக்கும் மேல். அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்களே, ஒதுங்கிக்கொண்ட அரசு எப்படி இருக்கும் என்பதற்குப் பம்பாய் நகரின் கணக்கு இருக்கிறது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று சமூக வாரியாகப் பதிந்திருக்கிறார்கள். ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. சாதி இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அவர்கள் எழுதி வைத்தவர்கள் 61.6.

இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வைரஸ் எல்லோருக்கும் சமம் என்று யாராவது மேடையில் சொன்னால் பயன்படும்.

2020 அக்டோபரில் அமெரிக்காவின் கிரேட் பாரிங்டனில் மூன்று விஞ்ஞானிகள் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். பலவீனமானவர்களை மட்டும் தனியே பாதுகாப்போம், மற்றவர்கள் வழக்கம்போல் நடமாடட்டும் என்பது அதன் சாரம். படிக்க நியாயமாகத் தோன்றும். பத்துக்குப் பத்து அறையில் பாட்டியும் பேரனும் கட்டட வேலைக்குப் போகும் மகனும் ஒன்றாகப் படுக்கும் வீட்டில், எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டியைப் பாதுகாப்பது? தனி அறை உள்ளவர்கள் எழுதிய திட்டம் அது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே இருங்கள் என்ற உத்தரவும் தனி அறை உள்ளவர்கள் எழுதியதுதான்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. நான்கு மணி நேர அவகாசம். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், கூடவே மாநிலங்களின் கையில் அந்த 1897 சட்டம். நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களை நாம் பார்த்தோம். உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பியவர்களைச் சாலையில் உட்கார வைத்துக் கிருமிநாசினி பீய்ச்சினார்கள். மண்டபத்தின் குளியல் கொட்டகை நூறு ஆண்டுகள் கழித்து நடுரோட்டுக்கு வந்திருந்தது. 'சமூக இடைவெளி' என்ற சொல்லைப் பற்றி அப்போதே நம் தோழர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். தெருவுக்கும் சேரிக்கும் நடுவே அந்த இடைவெளியை ஆயிரம் ஆண்டுகளாகப் பார்த்தவர்களுக்கு, அதையே கைதட்டி வரவேற்கச் சொன்னது ஒரு கொடுமையான நகைச்சுவை.

அதே 2020 மே மாதத்தில் நடந்த ஒன்று பலர் கவனத்தில் படவில்லை. உத்தரப் பிரதேச அரசு பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களை மூன்று ஆண்டுகள் நிறுத்தி வைக்கும் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத், மிகைநேரத்துக்கான இரட்டைச் சம்பளம் இல்லாமல் 12 மணி நேர வேலைக்கு ஏப்ரலிலேயே அறிவிக்கை போட்டிருந்தது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் குஜராத் அறிவிக்கையை ரத்து செய்தது. தெருவில் லத்தியோடு நின்ற அதே அரசு, ஆலை வாசலில் 'எங்களுக்கு இங்கே வேலை இல்லை' என்று விலகப் பார்த்தது. ஆக, இது பெரிய அரசா, சிறிய அரசா? தெருவில் பெரியது. தொழிற்சாலையில் சிறியது.

பாபாசாகேப் இதை 1947இலேயே பார்த்துவிட்டார். பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், அரசு விலகிக்கொண்டால் சுதந்திரம் மிஞ்சும் என்ற வாதத்தை எடுத்துப் பிரித்துப் போடுகிறார். யாருக்குச் சுதந்திரம் என்று கேட்கிறார். நிலவுடைமையாளருக்குக் குத்தகையை ஏற்றும் சுதந்திரம், முதலாளிக்கு வேலை நேரத்தை நீட்டவும் கூலியைக் குறைக்கவும் சுதந்திரம். அரசின் கட்டுப்பாடு போன இடத்தில் தனியார் சர்வாதிகாரம் வந்து உட்காரும் என்பது அவர் வாதம். அதே ஆவணத்தில் அடிப்படை உரிமைகளையும், அவை மீறப்பட்டால் பரிகாரம் தேடும் வழிகளையும் வரிசையாக எழுதுகிறார். அரசு வேண்டும், அதற்குக் கடிவாளமும் வேண்டும். நம்மில் சிலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

இனி மதுரை. 2020 ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. பரவை காய்கறிச் சந்தையிலிருந்து தொற்று பரவியது என்று பேச்சு. அதற்கு முந்தைய ஐந்து நாட்களில்தான் சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் ஜூன் 19 அன்று ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி மகன், 23ஆம் தேதி தந்தை, இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தானாக வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் போய் விசாரித்தார். தலைமைக் காவலர் ரேவதி, சக காவலர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். சிபிஐ கொலை வழக்காகக் குற்றப்பத்திரிகை போட்டது. விசாரணை நடந்தது எங்கள் கே.கே. நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாவட்ட நீதிமன்றத்தில். இறந்தவர்கள் தலித்துகள் அல்ல, கடை வைத்திருந்த நாடார்கள். சேரியில் பழகிய லத்தி, அவகாசம் கிடைத்தால் கடைவீதிக்கும் வரும்.

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு இங்கே ஒரு முக்கியமான செய்தி. தொற்றுநோய்ச் சட்டத்தை மீறினால் தண்டனை அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டம் 188இன் கீழ்தான். அந்தப் பிரிவில் போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அதிகாரி நடுவரிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும் என்று 2018இலேயே ஜீவானந்தம் வழக்கில் இதே மதுரைக் கிளையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு சொல்லியிருந்தார். கரூர்ப் பக்கத்தில் போராடியவர்கள் மீது போட்ட வழக்கு அது. தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், தமிழ்நாடு முழுவதும் அதே பிரிவில் லட்சக்கணக்கில் வழக்குகள் பதிவாயின. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன், சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளைக் கைவிடுவதாக முதல்வர் பழனிசாமி அறிவித்தார். பறிமுதலான பைக்குக்காக அலைந்த நாட்களையும் போன கூலியையும் யார் கைவிடுவது? 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது 188 போய் 223 வந்தது. தண்டனை கூடியிருக்கிறது.

அதே அரசின் இன்னொரு கையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருட்களும், 2021இல் 4,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாக வந்தன. பல வட மாநிலங்களில் இல்லாத ஆரம்ப சுகாதார நிலைய வலைப்பின்னல் இங்கே இருந்தது. இந்தியாவிலேயே முதலில் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இன் சென்னைச் சட்டம்தான். குடிநீர், கழிவுநீர், நோய்த்தடுப்பு என்று உள்ளாட்சிகளின் கடமைகளையும் எழுதி வைத்த சட்டம். 1897க்கும் 1939க்கும் உள்ள வேறுபாடே அந்தக் 'கடமை' என்ற சொல்தான். ஆனால் 2020இல் அதைத் திருத்தியபோது சேர்த்தது அபராதம். முகக்கவசம் இல்லையென்றால் 200, எச்சில் துப்பினால் 500. தினக்கூலி 400 வாங்குகிறவருக்கு 200 என்பது அரை நாள்.

தடுப்பூசியிலும் இதேதான். 2021 டிசம்பரில் மதுரை மாவட்ட நிர்வாகம், ஊசி போடாதவர்கள் 18 வகைப் பொது இடங்களுக்குள் வரக் கூடாது என்று அறிவித்தது. தியேட்டர், மால் எல்லாம் சரி. ரேஷன் கடையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஊசி நல்லது, நான் போட்டுக்கொண்டேன், நீங்களும் போட்டிருப்பீர்கள். ஆனால் ஊசி போடாதவருக்கு அரிசி இல்லை என்பது மருத்துவம் அல்ல. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை 21ஆவது பிரிவில் அடங்கும் என்றது. பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது அளவோடும் காரணத்தோடும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

இந்தக் காலம் முழுக்க, கட்டுப்பாட்டுப் பகுதிகளின் தகரத் தடுப்புக்குள் தினமும் போய் வந்தவர்கள் யார்? 2020இல் அவர்களுக்குத் 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் மாற்றினார்கள். காலில் பூ தூவினார்கள். ஒப்பந்த முறை மாறவில்லை. வீட்டில் இருக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, வேலையை மறுக்கும் உரிமையும் இல்லை. 1896இல் பம்பாய் ஆணையர் பயந்த அந்த பலம் 2020இல் எங்கே போனது என்பதை ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது எடுத்துச் செய்ய வேண்டும். ஒப்பந்ததாரர் என்ற ஒரு ஆள் நடுவில் வந்ததே பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

2024 பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286ஆவது அறிக்கையில், 1897 சட்டம் இன்றைக்குப் போதாது, திருத்த வேண்டும் அல்லது புதிய சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. புதுச் சட்டம் வரும்போது அதிகாரங்களின் பட்டியல் நிச்சயம் நீளும். அதில் கெடு நாள் இருக்கிறதா, சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டுமா, அடைத்தால் சோறும் கூலியும் யார் கணக்கில், தடுப்புக்குள் போகும் ஒப்பந்தத் தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பு என்பதைத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பழைய நான்காவது பிரிவு புதுச் சட்டத்தில் எந்த எண்ணில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.